நிற்கும்போது மட்டும் இன்ஜின் சூடேறுகிறது, ஏசியும் குளிர்வதில்லை: உதவி தேவை

திருவொற்றியூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். இதுவரை 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாட்கள் அப்பாவை டயாலிசிஸுக்காக ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் காசிமேடு வரை சென்று, அங்கிருந்து உள்ளே திரும்புவது எங்கள் வழக்கம்.

கத்திரி தொடங்கியதிலிருந்து, துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் பத்து நிமிடம் நின்றாலே டேஷ்போர்டில் உள்ள வெப்பமானி முள் பாதியைத் தாண்டி மேலே ஏறுகிறது. அதே நேரத்தில் ஏசியிலிருந்து வெறும் காற்றுதான் வருகிறது. வண்டி நகர்ந்து நாற்பது கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் முள்ளும் இறங்கிவிடுகிறது, ஏசியும் குளிர்கிறது. ஒரு பணிமனையில் காட்டினேன். இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும், 35,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

அப்பா தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால், வெயிலில் தாகம் எடுத்தாலும் என்னால் அவருக்கு ஒரு குவளை கொடுக்க முடிவதில்லை. ஆகவே வண்டியின் உட்புறம் குளிர்ச்சியாக இருப்பது எங்களுக்கு வசதிக்கான விஷயம் அன்று. உண்மையிலேயே இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

ராயபுரம் மெக்கானிக்:

இன்னும் பணம் எதுவும் கட்டிவிடாதீர்களம்மா. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது காற்று தானாகவே முன்பக்கக் கிரில் வழியாக, இன்ஜின் நீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்குள் புகுகிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் ஒன்றுதான் செய்ய வேண்டும். ஏசி வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருப்பதால், அதற்கும் அதே காற்றுதான். நிற்கும்போது இரண்டும் ஒன்றாகக் கெட்டு, ஓடும்போது இரண்டும் ஒன்றாகச் சரியாகின்றன என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றோட்டத்தை. ஹெட் கேஸ்கெட் போனால் வண்டி ஓடும்போதும் சூடு ஏறும், ரேடியேட்டரில் ஓடும் குளிர்விப்பு நீரான கூலண்டும் குறைந்துகொண்டே வரும், சைலன்சரில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை வரும், ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் காபி நிறத்தில் நுரை படியும். இவற்றில் ஏதாவது உண்டா?

நாளைக் காலை இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மூன்றைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் நீரின் நிறத்தைப் பாருங்கள். பிறகு மூடிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டு, ஃபேன் உடனே சுற்றுகிறதா என்று முன்னால் நின்று கவனியுங்கள். அது எந்த நொடியிலும் தானாகச் சுழலக்கூடும் என்பதால் கையை மட்டும் அருகில் கொண்டுபோகாதீர்கள். கடைசியாக, கிரில் வழியாக டார்ச் அடித்துக் கண்டன்சரின் மெல்லிய தகடுகள் எப்படி இருக்கின்றன என்று சொல்லுங்கள். சூடான இன்ஜினில் அந்த மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

மணலி ஓட்டுநர்:

என் பழைய வண்டியிலும் இப்படி ஆனது. இன்ஜின் சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் போதும் என்று பலரும் செய்கிறார்கள். அதையும் முயன்று பார்க்கலாமே?

ராயபுரம் மெக்கானிக்:

வேண்டாம் தம்பி. தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டிருந்தால் புதியதை மாற்றுங்கள், வெறுமனே கழற்றிவிடாதீர்கள். அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும், பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். காற்றே போகாத ரேடியேட்டருக்கு அதைக் கழற்றுவதால் ஒரு பயனும் இல்லை.

திருவொற்றியூர் வாசகி:

நீங்கள் சொன்னபடியே பார்த்தேன் ஐயா. வெள்ளைப் புகையும் இல்லை, நுரையும் இல்லை. ஆனால் ரேடியேட்டருக்குள் இருந்த நீர் செங்கல் கரைத்ததுபோல் இருந்தது. சென்ற ஆண்டு அவசரத்துக்கு வீட்டுப் போர் தண்ணீரை இரண்டு முறை ஊற்றியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்றவே இல்லை. வெகுநேரம் கழித்து, முள் பாதியைத் தாண்டிய பிறகு, திடீரென்று பெரிய இரைச்சலுடன் சுற்றத் தொடங்கியது. கண்டன்சரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வண்டியை அணைத்துவிட்டுக் குச்சியால் தொட்டேன், விபூதிபோல் உதிர்ந்தது.

ராயபுரம் மெக்கானிக்:

படம் தெளிவாகிவிட்டதம்மா. பல சிறிய கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகங்கள் உண்டு. ஏசியைப் போட்டால் மெதுவேகம், சூடு எல்லை தாண்டினால் முழுவேகம். மெதுவேகத்துக்கு மின்சாரம், அதன் அளவைக் குறைக்கும் ஒரு சிறிய ரெசிஸ்டர் வழியாகப் போகும். அது எரிந்துபோனால் உங்கள் வண்டியில் நடப்பதுதான் நடக்கும். கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் உப்புக்காற்று அதன் இணைப்பு முனைகளை அரித்துவிடுகிறது. ஃபியூஸையும் ரிலேயையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு ரெசிஸ்டர். கண்டன்சர் தகடுகளை உதிர்த்ததும் அதே உப்புதான். கீழ்ப்பகுதி மட்டும் என்றால் இந்தக் கோடைக்குத் தாங்கும், ஏசி வாயுக் கசிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணூர்ப் பக்கம் ஓடும் வண்டிகளில் சாம்பலும் லாரிப் புழுதியும் அங்கே அடைந்து கிடக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சாதாரணக் குழாய்த் தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே வருமாறு மெதுவாக அடிக்க வேண்டும். பிரஷர் கன்னைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கி, இருக்கும் வழியும் அடைபடும்.

போர் தண்ணீர் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களுக்குள் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் படிந்துவிடும். போதாததற்கு, கூலண்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப்போவதால் இன்ஜினுக்குள்ளேயே இரும்பு துருப்பிடிக்கும். நீங்கள் பார்த்த செங்கல் நிறம் அந்தத் துருதான். முழுவதையும் வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் தெளிவாக வரும்வரை அலசி, கையேட்டில் சொன்ன வகைக் கூலண்டை நிரப்புங்கள். சரிபாதிக் கலவை நல்ல மூடியின் அழுத்தத்தில் 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதால் மூடியையும் மாற்றிவிடுங்கள். வடித்த கூலண்டைத் தெருவில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், உயிரே போய்விடும்.

மணலி ஓட்டுநர்:

சகோதரி, வேலை முடியும்வரை வரிசையில் மாட்டிக்கொண்டால் ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்குங்கள். முள் மேலும் ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள், இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். ஆனால் உங்கள் அப்பா உள்ளே இருக்கும்போது இதைச் செய்ய முடியாது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கும் முன்பே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தி, அவரை நிழலில் உட்கார வையுங்கள். முடிந்தால் இந்த வாரம் மட்டும் ஆட்டோவில் சென்று வாருங்கள்.

திருவொற்றியூர் வாசகி:

இரண்டு முறை ஆட்டோவில்தான் சென்றோம். வேறொரு பணிமனையில் நேற்று வேலை முடிந்தது. எரிந்திருந்தது ரெசிஸ்டர்தான். கண்டன்சருக்குப் பின்னாலிருந்து கம்பளித் துண்டுபோல் கருப்பாக ஒரு படலத்தையே உரித்தெடுத்துக் காட்டினார்கள். கசிவு எதுவும் இல்லையாம். கூலண்ட், மூடி, கூலி எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய் ஆனது. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் காசிமேட்டுக்கு முன்னால் கன்டெய்னர்களுக்கு நடுவே இருபத்தைந்து நிமிடம் நின்றோம். முள் பாதிக்குக் கீழேயே இருந்தது. அப்பா தூங்கிவிட்டார். உங்கள் இருவருக்கும் என் நன்றி.

ராயபுரம் மெக்கானிக்:

மகிழ்ச்சியம்மா. அலசிய பிறகு உள்ளே காற்றுக்குமிழி தங்கியிருக்கக்கூடும். கூலண்டின் ரிசர்வ் டப்பாவில் இப்போதைய மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு வாரம் காலையில் மட்டும் பாருங்கள். முதல் இரண்டு நாள் சிறிது இறங்கினால் நிரப்பிக்கொள்ளலாம். அதன் பிறகும் இறங்கினால் வாட்டர் பம்ப்பின் அடியிலும் ஹோஸ் முனைகளிலும் கசிவைத் தேட வேண்டும், அப்போது இங்கேயே எழுதுங்கள்.