குடும்பவியல் பட்டத்தை ஒன்லைனில் படித்து யாழ்ப்பாணத்தில் என்ன செய்யலாம்?

முன்பள்ளி_ரீச்சர் (சாவகச்சேரி)
உயர்தரம் கலைப்பிரிவில் படித்தேன், கம்பஸ் கிடைக்கவில்லை. இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். மனித வளர்ச்சியும் குடும்பவியலும் என்ற இளங்கலைப் பட்டத்தை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்லைனில் நடத்துகிறது. 120 கிரெடிட். கனடாவில் இருக்கும் சித்தப்பா காசு தருவதாகச் சொல்கிறார். சேரலாமா?

கொக்குவில்_அண்ணை
வேண்டாம் தங்கச்சி. சித்தப்பாவுக்கு வேலை போனால் முன்பள்ளிச் சம்பளத்தில் டொலர் கட்ட முடியுமா? 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்தோம்தானே. அங்கே மாலை 7 மணிக்கு வகுப்பு என்றால் இங்கே விடிய 4.30. அப்புறம் நேர்முகத்தில் இது என்ன பாடம் என்று விளங்கப்படுத்தியே களைத்துப் போவாய். திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கல்விக்கு டிப்ளோமா இருக்கிறது. அதைச் செய்.

வடமராட்சி_அக்கா
காசு விஷயம் சரி, யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் பாடத்தைக் குறைத்துப் பேசாதீர்கள் அண்ணை. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு வேலை செய்கிறவள் நான். மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கவும் மாட்டார், அந்திரட்டிச் சடங்கு செய்யவும் மாட்டார் ஒரு தாய். பலரும் மனச்சோர்வு என்று எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குடும்பவியல் பேராசிரியராக இருந்த போலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல்போன படையினரின் குடும்பங்களை 1970களிலேயே ஆராய்ந்தவர். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பில் துக்கம் நகராமல் நின்றுவிடும், அது அந்தத் தாயின் நோயல்ல, நிலைமை அப்படி என்று அவர் காட்டினார். அந்த வீட்டில் மூத்த மகள் தாயின் இடத்துக்கு வந்துவிடுகிறாள், மருமகள் பொட்டு வைப்பதா விடுவதா என்று தெரியாமல் நிற்கிறாள். இதையெல்லாம் ஒரு குடும்பமாகப் பார்க்கப் பழக்குகிற படிப்பு எங்களுக்கு வேண்டாமா?

கொக்குவில்_அண்ணை
அதற்கு அவருடைய புத்தகத்தை வாசித்தால் போதுமே. அவர்களின் பாடத்தில் குடும்பம் என்றால் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். இங்கே அம்மம்மா வளர்க்கிறார், காசு ரொறன்ரோவிலிருந்து வருகிறது.

வடமராட்சி_அக்கா
இல்லை அண்ணை. அந்தத் துறையில் முதலில் பாடமாக வருகிற ஆட்களில் ஒருவர் யூரி பிரான்பென்பிரனர் என்ற உளவியலாளர். பிள்ளை ஒருநாளும் காலடி வைக்காத இடம்கூட, உதாரணமாகத் தகப்பனின் வேலைத்தளம், பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்கும் என்று 1979 இல் எழுதினார். தகப்பன் கட்டாரில், பிள்ளை சாவகச்சேரியில் என்றால் இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? விடிய 4.30 பற்றியும் பயப்படத் தேவையில்லை. இப்படியான படிப்புகளில் பெரும்பாலும் தவணைத் திகதிக்குள் வேலையைக் கொடுத்தால் போதும், குறித்த நேரத்தில் இருக்கச் சொல்வது குறைவு.

கொக்குவில்_அண்ணை
சரி, ஆனால் சட்டம்? ஒரு பிள்ளைக்கு வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தால் இங்கே பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை அலுவலகம், நீதிமன்றம் என்று போகவேண்டும். அந்தப் பாதை அமெரிக்கப் படிப்பில் வராது. தெரியாமல் கையை வைத்தால் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

வடமராட்சி_அக்கா
அதை மறுக்கமாட்டேன். அது இங்கே களத்தில் நின்றுதான் பழகவேண்டும். தங்கச்சி, காசு கட்ட முதல் இரண்டு விஷயம் கேள். களப்பயிற்சியை யாழ்ப்பாணத்தில் செய்ய விடுவார்களா? இங்கே யாரை மேற்பார்வையாளராக ஏற்பார்கள்? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அங்கீகாரத்தையும் எழுத்தில் வாங்கு.

முன்பள்ளி_ரீச்சர்
இன்றைக்கே இரண்டு இடத்துக்கும் எழுதுகிறேன் அக்கா. களப்பயிற்சியை அங்கே வந்துதான் செய்யவேண்டும் என்றால் அண்ணை சொன்ன டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கிறேன்.