முகமது ஹசன், தைவாரி: கோளாறு பாத்திரத்திலா, கதையை எழுதியவர்களிடமா?

கேள்வி:
2004 டிசம்பரில் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் 'ரா' என்ற தொழில்முறை மல்யுத்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிமுகமான கற்பனைப் பாத்திரம் முகமது ஹசன், செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அரபு அமெரிக்கர்கள் மீது விழுந்த சந்தேகப் பார்வையைக் குறித்தே பேசினார். அதில் நியாயம் இருந்தும் அவரை வில்லனாக நிறுத்தியது ஏன்? மேலாளராக அவருடன் மேடையேறிய தைவாரியின் பங்கு என்ன?

மறுமொழி 1:
தைவாரியின் பங்கு சிறிதன்று. ஹசன் தெளிவான ஆங்கிலத்தில் வாதிட்டு முடித்ததும், தைவாரி பாரசீக மொழியில் ஆவேசமாக முழங்குவார். புரியாத மொழி காதில் விழுந்தவுடன் அரங்கம் கூச்சலிடும், வாதம் அதில் அமிழ்ந்துவிடும். அரபுப் பாத்திரத்துக்குப் பாரசீகம் எதற்கு என்று எழுதியவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஹசனாக நடித்த மார்க் கோபானியோ இத்தாலிய வம்சாவளியினர்.

மறுமொழி 2:
நாட்டின் அன்றைய எதிரியை நினைவூட்டும் பாத்திரத்தை வில்லனாக்கும் உத்தி பழையது. வளைகுடாப் போர் நடந்த 1991 ஜனவரியில், கதையில் ஈராக் ஆதரவாளராக மாற்றப்பட்ட அமெரிக்க மல்யுத்த வீரர் சார்ஜென்ட் ஸ்லாட்டர், மேலாளர் ஜெனரல் அட்னான் துணையோடு சாம்பியன் பட்டம் வென்றார். அட்னான் மெய்யாகவே ஈராக்கில் பிறந்தவர் என்பது தனிக் கதை.

மறுமொழி 3:
ஹசனை வீழ்த்தியது 2005 ஜூலை 4 அன்று பதிவான காட்சிதான். ஹசனின் ஆட்களாக வந்த முகமூடி அணிந்தவர்கள், மல்யுத்த வீரர் அண்டர்டேக்கரின் கழுத்தைக் கம்பியால் நெரித்த அக்காட்சி, லண்டன் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்த ஜூலை 7 அன்றே அமெரிக்காவில் ஒளிபரப்பானது. அதை ஒளிபரப்பிய யுபிஎன் தொலைக்காட்சி ஹசனைத் திரையில் காட்ட மறுக்கவே, அம்மாத இறுதிக்குள் பாத்திரம் முடிக்கப்பட்டது. காட்சியை எழுதியவர்கள் வேறு சிலர். தண்டனை கோபானிக்கு.