நோயால் குறைந்த புள்ளிகளோடு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. நாங்கள் கிளிநொச்சி, தருமபுரம். தங்கச்சி சாதாரண தரத்தில் 9 ஏ எடுத்தவள். உயர்தரம் உயிரியல் படிக்கும்போது சிறுநீரக வருத்தம் வந்து எட்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போகும் பஸ்ஸிலும் மடியில் இரசாயனவியல் கொப்பியை விரித்து வைத்திருப்பாள். ஆனையிறவு வரமுதல் நித்திரையாகிவிடுவாள்.

இங்கே பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பெறுபேற்றை வைத்துக் கணிக்கும் இசட் புள்ளிதான் கணக்கு, வருத்தத்தை யாரும் கேட்கமாட்டார்கள். உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதலாம், அது ஆறுதல். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான காமன் ஆப் படிவத்தில் இப்படியான நிலைமையை விளக்க இடம் உண்டு. அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் இரண்டு தவணை வெறுமையாகக் கிடக்கிறது. அதற்கு அதிபரின் கடிதம் போதுமா, வைத்தியரின் கடிதமும் வேணுமா? புலமைப்பரிசிலோடு போன பிள்ளைகள் யாரும் இருந்தால், நீங்கள் அந்த இடத்தில் என்ன எழுதினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.