சியாட்டில் ஒலிம்பிக் சிற்பப் பூங்காவுக்கு முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

பெல்வியூவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதக் கடைசியில் என் பெற்றோர் திருச்சியிலிருந்து எங்களிடம் வந்து தங்கப் போகிறார்கள். அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் படிக்கட்டு ஏறுவதும் நெடுநேரம் நிற்பதும் சிரமம். ஆனாலும் மரம், செடி, தண்ணீர் என்றால் அம்மாவுக்கு உயிர்.

சியாட்டில் நகர மையத்தில், எலியட் விரிகுடாவின் கரையில் உள்ள ஒலிம்பிக் சிற்பப் பூங்காவுக்கு இருவரையும் ஒரு மாலை அழைத்துச் செல்லலாம் என்று நினைக்கிறேன். அந்த இடம் சரிவானது என்று கேள்விப்பட்டேன். அம்மாவால் சமாளிக்க முடியுமா, எங்கிருந்து தொடங்கினால் நல்லது? மேலும், அங்குள்ளவை பெரும்பாலும் நவீனச் சிற்பங்கள். தஞ்சையிலும் தாராசுரத்திலும் கல்லைப் பார்த்துப் பழகிய அப்பா, "இந்த இரும்புத் தகட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டுவிடுவாரோ என்ற தயக்கமும் இருக்கிறது. சென்று வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாதசாரி:

தாராளமாக அழைத்துச் செல்லலாம், ஆனால் மேலிருந்து கீழாக மட்டுமே நடக்க வேண்டும் என்பதை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவின் உச்சி வெஸ்டர்ன் அவென்யூவும் பிராட் தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. அங்கேதான் பார்வையாளர் கூடமும் அதன் அடியில் கட்டண வாகன நிறுத்தமும் உள்ளன. அங்கிருந்து ஒரே பாதை இசட் எழுத்தின் வடிவில் மடங்கி மடங்கிக் கடற்கரை வரை இறங்குகிறது. மொத்த இறக்கம் சுமார் 40 அடிதான். அது நீண்ட பாதை முழுவதும் பரவியிருப்பதால் சரிவு காலுக்குத் தெரியாது, ஒரு படிகூட இறங்க வேண்டியதில்லை. கூடத்தை ஒட்டிக் கீழே உள்ள பள்ளத்தாக்குக்கு அரங்கம் போன்ற புல்படிகள் இறங்குகின்றன. அம்மா அந்தப் பக்கம் போகாமல் பாதையிலேயே வரட்டும்.

கீழே போய்ச் சேர்ந்த பிறகு மறுபடியும் மேலே ஏற வைப்பதுதான் பலரும் செய்கிற தவறு. உங்களில் ஒருவர் மட்டும் மேலே சென்று காரை எடுத்துக்கொண்டு அலாஸ்கன் வே சாலைக்கு வந்து மற்றவர்களை ஏற்றிக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு திறந்து, அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் கழித்து மூடுகிறார்கள். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடுவதால், வீட்டில் சாப்பிட்டு முடித்து ஏழு மணிக்குப் போனாலும் நிதானமாகப் பார்க்கலாம். அந்த நேரத்தில் விரிகுடாவுக்கு அப்பால் ஒலிம்பிக் மலைத்தொடரையும் சூரியன் இறங்குவதையும் காணலாம். கோடைதானே என்று மெல்லிய சேலையோடு மட்டும் அம்மாவை அழைத்துச் சென்றுவிடாதீர்கள். கடற்காற்று குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்.

உப்புக்காற்று:

வழியைப் பற்றி மேலே சொல்லப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன். உங்கள் அப்பாவைப் பற்றிய தயக்கத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பூங்காவை மிகவும் ரசிக்கக்கூடியவர் ஒரு பொதுப்பணித் துறைப் பொறியாளர்தான் என்பது என் எண்ணம்.

சிற்பங்களில் தொடங்காமல் நிலத்தில் தொடங்குங்கள். இப்போது புல்லும் மரமுமாக இருக்கும் இந்த ஒன்பது ஏக்கரும் ஒரு காலத்தில் யூனியன் ஆயில் ஆஃப் கலிஃபோர்னியா என்ற எண்ணெய் நிறுவனத்தின் சேமிப்புத் தொட்டிகள் நின்ற இடம். 1970களில் அந்தப் பணி நின்றுபோனபோது எண்ணெய் ஊறிப்போன மண்தான் மிஞ்சியது. அதில் சுமார் 1,20,000 டன் மண்ணைத் தோண்டி அகற்றினார்கள். 1999இல் சியாட்டில் கலை அருங்காட்சியகமும் நிலப் பாதுகாப்புக்கான ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து இடத்தை வாங்கின. 2007 ஜனவரியில் பூங்கா திறக்கப்பட்டது. மேட்டை உயர்த்தத் தேவைப்பட்ட மண்ணில் ஒரு பகுதி, நகர மையத்தில் அதே அருங்காட்சியகத்தை விரிவுபடுத்தியபோது தோண்டி எடுக்கப்பட்டது என்பது உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும் கணக்கு.

அதைவிடக் கடினமான சிக்கல் வேறொன்று இருந்தது. இந்த நிலம் ஒரே துண்டாக இல்லை. நடுவே எலியட் அவென்யூ என்ற போக்குவரத்து மிகுந்த சாலையும், அதற்குக் கீழே சரக்கு ரயில்களும் பயணிகள் ரயில்களும் ஓடும் இருப்புப் பாதையும் அதை மூன்றாக வெட்டின. நியூயார்க்கின் வைஸ், மான்ஃபிரெடி என்னும் கட்டடக் கலைஞர் இணை சாலையையும் ரயிலையும் அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டு, அவற்றின் மேலாக மண்மேட்டையே மடித்துக் கொண்டுபோனார்கள். நீங்கள் புல்வெளியின் ஓரமாக நடந்துகொண்டிருக்கும்போதே காலுக்குக் கீழே கார்கள் விரையும், சற்றுத் தள்ளி ரயில் கடந்து போகும். மண்ணைத் தாங்கும் சுவர்கள், ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து அடுக்கிய முன்வார்ப்புக் கான்கிரீட் பலகைகளால் ஆனவை. அவற்றுக்குப் பின்னால் மண்ணடுக்குகளுக்கு இடையே பட்டைகளைப் பரப்பி இறுக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் மேம்பாலங்களின் அணுகுசாலைச் சுவர்களைக் கட்டுகிற அதே முறைதான். உங்கள் அப்பா அந்தச் சுவரடியில் நின்று உங்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டால் அரை மணி நேரத்தை அதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகு சிற்பங்களுக்கு வந்தால், இரும்புத் தகடு வெறும் இரும்புத் தகடாகத் தெரியாது. பள்ளத்தாக்கில் ரிச்சர்ட் செர்ரா 2004இல் செய்த 'வேக்' நிற்கிறது. எஸ் எழுத்துப் போல வளைந்த ஐந்து உருவங்கள், ஒவ்வொன்றும் 14 அடி உயரம், மொத்த எடை சுமார் 300 டன். அவை துருப்பிடிக்கட்டும் என்றே விட்ட வகை எஃகு. மேலே படியும் துருவே உள்ளிருக்கும் உலோகத்துக்குக் காப்பாகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. இரண்டு உருவங்களுக்கு இடையே நடக்கும்போதுதான் சுவர் நம் மேல் சாய்வதும் பிறகு விலகுவதும் உடம்பில் உறைக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: எதையும் தொடக் கூடாது. கோயில் தூணைத் தடவிப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு, ஆனால் கையின் எண்ணெய்ப் பசை அந்தத் துருப்படலத்தைக் கெடுத்துவிடும் என்பதால் இதில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

அலெக்சாண்டர் கால்டரின் சிவப்பு நிற 'ஈகிள்' எப்படியும் கண்ணில் படும்; 1971இல் டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் ஒரு வங்கியின் வாசலுக்காகச் செய்யப்பட்டது, பிறகு இடம் மாறி இங்கே வந்து சேர்ந்தது. அதன் கால்களுக்கு இடையே நின்று தண்ணீர்ப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தான்:

மேலே எழுதிய இருவரும் அம்மாவை மறந்துவிட்டார்கள். மரம் செடி பிடித்தவருக்கு இந்தப் பூங்காவில் முதலில் காட்ட வேண்டியது 'நியூகொம் விவேரியம்' என்ற கண்ணாடிக் கூடம். 1996இல் நகருக்கு வெளியே ஒரு காட்டில் சாய்ந்த பெரிய ஹெம்லாக் மரத்தின் அடிமரத்தை, 60 அடி நீளத்துக்கு, அதன் பாசியும் மண்ணும் பூச்சிகளும் சேர்த்து அப்படியே கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார் மார்க் டையன் என்ற கலைஞர். செத்த மரத்தின் மேல் புதிய கன்றுகள், பெரணிகள், காளான்கள் முளைக்கின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். காட்டில் நிழலும் ஈரமும் இலவசமாகக் கிடைத்த ஒரு மரத்துக்கு நகரத்தில் அவற்றைத் தர எத்தனை இயந்திரங்களும் பச்சைக் கண்ணாடியும் தேவைப்படுகின்றன என்பதையே அந்தக் கலைஞர் நமக்குக் காட்ட விரும்பினார். அது திறந்திருக்கும் நேரம் பூங்காவின் நேரத்தைவிடக் குறைவு. புறப்படும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு, மாலை நடையை வேண்டுமானால் அதற்கேற்ப முன்தள்ளி வையுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கீழே அலாஸ்கன் வே பக்கம் லூயிஸ் பூர்ஷ்வாவின் நீரூற்று ஒன்று இருக்கிறது: ஒரு தந்தையும் சிறுவனான மகனும் ஆடையின்றி எதிரெதிரே கைநீட்டி நிற்கிறார்கள், நீர் எழும்பி ஒருவரை மூடும்போது மற்றவர் தெரிவார், மணிக்கொரு முறை மணியோசையோடு இது மாறும். ஆடையில்லாத ஆண் உருவம் இடம்பெறும் நீரூற்றுதான் வேண்டும் என்று நிபந்தனை விதித்துப் பத்து லட்சம் டாலரை உயிலில் எழுதிவைத்த சியாட்டில்காரர் ஒருவரின் பணத்தில் உருவானது அது. திறந்த புதிதில் ஊரில் நிறையப் பேசினார்கள். பெற்றோரோடு போகும்போது சங்கடமாக இருக்கும் என்று நினைத்தால் விலகிப் போகலாம். ஆனால் ஒருவரையொருவர் எட்டாத அந்த இரண்டு பேரைப் பார்த்தால், வெளிநாட்டில் பிள்ளையை விட்டிருக்கும் எந்தத் தகப்பனுக்கும் விளக்கம் தேவைப்படாது என்றே எனக்குத் தோன்றுகிறது. பக்கத்திலேயே கண்விழி வடிவில் கருங்கல் இருக்கைகளும் இருக்கின்றன, அம்மா உட்காரலாம்.

பெல்வியூவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. எண்ணெய்த் தொட்டிகளின் கதையை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னதுமே, மண்ணைச் சோதித்த அறிக்கை எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டார். இன்னும் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. அம்மா கரையில் உட்கார்ந்திருக்க, அப்பா தனியாக இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வசதி உண்டா?

பாதசாரி:

உண்டு. சிற்பப் பூங்கா கரையைத் தொடும் இடத்திலிருந்தே வடக்கு நோக்கி மிர்ட்டில் எட்வர்ட்ஸ் பூங்கா தொடங்குகிறது. தண்ணீரை ஒட்டிய சமதளமான நடைபாதை, மிதிவண்டிக்குத் தனிப் பாதை. அப்பா எங்கும் வழி தவற முடியாது, கடல் எப்போதும் இடது பக்கம் இருக்கும். சற்றுத் தூரத்தில் மைக்கேல் ஹைசர் 1976இல் வைத்த மூன்று மாபெரும் கருங்கற்பாறைகள் வரும். கல்லைப் பார்த்துப் பழகியவர் அங்கே நிச்சயம் நிற்பார்.

அம்மாவை உட்கார வைக்க ஏற்ற இடம் ஜௌமே பிளென்சாவின் 'எக்கோ' அருகே. கண்மூடிய பெண்ணின் முகம், வெண்ணிறம், 46 அடி உயரம். விரிகுடாவை நோக்கி நிற்கிறது. அதற்கு அருகில் கான்கிரீட் கடற்சுவரின் ஒரு பகுதியை மாற்றி, கற்களும் கூழாங்கல்லுமாக ஒரு சிறு கடற்கரையை அமைத்திருக்கிறார்கள். ஆற்றிலிருந்து கடலுக்கு வரும் சால்மன் குஞ்சுகளுக்கு ஆழமற்ற நீர் தேவை என்பதற்காகச் செய்தது. குஞ்சுகள் உண்மையிலேயே அங்கே கூடுவதை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கடல் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் அந்தக் கரையை நன்றாகப் பார்க்கலாம். ஓத அட்டவணையைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.