பகடிவதை விழுக்காடுகளை வைத்து நாடுகளை ஒப்பிடலாமா?

வெண்பலகை:
வணக்கம். ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றுக்காகப் பள்ளிப் பகடிவதை பற்றிக் குறிப்பெடுத்து வருகிறேன். உலக மாணவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர், கடந்த ஒரு மாதத்தில் ஒருமுறையேனும் சக மாணவர்களால் துன்புறுத்தப்பட்டுள்ளதாக யுனெஸ்கோவின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. பல நாடுகளின் 15 வயது மாணவர்களிடம் நடத்தப்படும் பீசா (PISA) ஆய்வின் 2018ஆம் ஆண்டுச் சுற்றோ, ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நாடுகளின் 15 வயதினரில் சராசரியாக 23 விழுக்காட்டினர் மாதத்தில் சில முறையாவது இதற்கு ஆளாவதாகச் சொல்கிறது. விழுக்காடு குறைந்த நாட்டில் பிள்ளைகளின் மனநலம் மேலாக இருக்கிறது என்று இவற்றைக் கொண்டு முடிவுகட்டலாமா?

நெடுங்கணக்கு:
இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைப்பதே தவறு. ஒன்று ‘ஒருமுறையேனும்’ என்று கேட்கிறது; மற்றொன்று ‘சில முறையாவது’ என்கிறது. தீங்கிழைக்கும் நோக்கம், தொடர்ச்சி, வலிமை ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பகடிவதை என்று வரையறுத்த உளவியலாளர் டான் ஓல்வியஸ், ஒருமுறை நடந்ததை எளிதில் இக்கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். சொல்லும் ஒரு சிக்கல்தான். 14 நாட்டுச் சிறுவர்களிடமும் ஒரே தொகுப்புக் கோட்டுப் படங்களைக் காட்டி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு மொழியின் சொல்லுக்குள் அடங்கிய காட்சி இன்னொரு மொழியின் சொல்லுக்குள் அடங்கவில்லை. நம் மொழியிலேயே கிண்டல், சீண்டல், பகடிவதை என்று சொல்லை மாற்றிக் கேட்டால் விடையும் மாறாதா?

கரைமரம்:
எண்கள் சரியாகவே இருந்தாலும், தங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி நிற்காது என்பது என் கருத்து. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான ‘கிவா’ திட்டம், அடிப்பவரையும் அடிபடுபவரையும் மட்டும் பாராமல், சுற்றி நின்று சிரிப்பவர்களையும் வாய்மூடி நிற்பவர்களையும் மாற்ற முயல்கிறது. அதனால் பகடிவதை குறைந்தும் இருக்கிறது. ஆனால் அத்திட்டத்தைப் பின்பற்றிய நெதர்லாந்துப் பள்ளிகளை ஆராய்ந்தபோது, அதன் பிறகும் தொடர்ந்து துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளின் நிலை, திட்டம் இல்லாத பள்ளிகளில் அவ்வாறு துன்புற்றவர்களின் நிலையைவிட மோசமாக இருந்தது தெரியவந்தது. வகுப்பில் பலர் அடிபடும்போது ‘அவர்கள் கெட்டவர்கள்’ என்று எண்ணிக்கொள்ளும் பிள்ளை, தான் ஒருவன் மட்டுமே அடிபடும்போது ‘குறை என்னிடம்தான்’ என்று எண்ணத் தொடங்குகிறது. துன்பத்தைப் பகிர்ந்துகொள்ள இன்னொரு பிள்ளையும் அங்கே இருப்பதில்லை. (திட்டத்தையே கைவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள், அந்த வாதத்தையும் கேட்டிருக்கிறேன்.) பிரிட்டனில் 1958இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சிறுவயதில் அடிக்கடி துன்புறுத்தப்பட்டவர்களிடம் 50 வயதிலும் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டதால், மிஞ்சியிருப்போர் சிலர்தாமே என்று அவர்களை விட்டுவிடவும் முடியாது.

வெண்பலகை:
மிக்க நன்றி. ஒப்பீட்டு அட்டவணையை நீக்கிவிடுகிறேன். அவ்வாறு எஞ்சும் பிள்ளைகளை ஆசிரியர் எப்படி அடையாளம் காண்பது?

கரைமரம்:
பெயர் எழுதாத வினாத்தாளில் எண்ணிக்கைதான் கிடைக்கும். ஆகவே, இடைவேளையில் யாருடன் இருக்க விரும்புகிறாய் என்று ஒவ்வொருவரிடமும் தனியே கேட்டு, எவர் விடையிலும் இடம்பெறாத பெயர்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தனித்திருப்பவர் எல்லோரும் துன்புறுத்தப்படுபவர் அல்லர். எனினும் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். பெயர்களைக் குறித்த அந்தத் தாள் வேறொரு மாணவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது.