மூலைவிட்ட நகர்வின் விலை ஒன்றா, 1.414ஆ?

கொட்டகலை நிரலாளர்:
எட்டுத் திசைகளிலும் நகரக்கூடிய கட்டங்களில் அகலவாரித் தேடலே (தொடக்கத்திலிருந்து படிப்படியாகப் பரவி, நகர்வுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் பாதை தேடும் முறை) மிகக் குறுகிய பாதையைத் தந்துவிடும் என்று நேற்று ஒருவர் அடித்துச் சொன்னதை உயர்தர மாணவர்கள் அப்படியே நம்புவதைப் பார்த்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. நேர் நகர்வின் நீளம் 1 என்றால் மூலைவிட்ட நகர்வின் நீளம் 1.414. நான்கு கட்டங்களை நேராகக் கடந்தால் 4; அதே நான்கு நகர்வுகளில் மூலைவிட்டமாக மேலும் கீழுமாக வளைந்து அதே இடத்தை அடைந்தால் 5.66. அகலவாரித் தேடலுக்கு இரண்டும் ஒன்றே.

பதுளை மாணவன்:
எழுதியவன் நான்தான், சேர். சதுரங்க ராஜா மூலைவிட்டமாகப் போனாலும் அது ஒரு நகர்வுதான். ஒன்று என்றால் ஒன்றுதான்.

கொட்டகலை நிரலாளர்:
ராஜாவை விடுங்கள், தம்பி. தோட்டத்து லய வீடுகளிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் குறுக்கே ஏறுபவரின் கால்களைக் கேளுங்கள். 1.414ஐ மறுக்கிறீர்களா, இல்லையா?

நுவரெலியா ஆசிரியை:
இதைவிடப் பெரிய பிழை, இலக்குக்கு மீதமுள்ள தூரத்தை மதிப்பிட்டுக்கொண்டே பாதை தேடும் ஏ-ஸ்டார் முறையில் மன்ஹாட்டன் தூரத்தை, அதாவது கிடை, நிலை வித்தியாசங்களின் கூட்டுத்தொகையை, மதிப்பீடாகப் போடுவது. மூன்று கட்டம் வலப்புறமும் மூன்று கட்டம் மேலேயும் உள்ள இலக்குக்கு அது 6 என்கிறது; உண்மைத் தூரம் 4.24. குறுகிய பாதை உறுதியாகக் கிடைக்க, மதிப்பீடு உண்மையை மீறக்கூடாது என்பது ஏ-ஸ்டாரை 1968இல் வெளியிட்ட ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் வைத்த நிபந்தனை. கிடை, நிலை வித்தியாசங்களில் பெரியதோடு சிறியதன் 0.414 மடங்கைக் கூட்டினால் போதும். நேர் நகர்வுக்கு 10, மூலைவிட்டத்துக்கு 14 என்று முழு எண்களிலும் எழுதலாம்.

கொட்டகலை நிரலாளர்:
14ஐ 10ஆல் வகுத்தால் 1.4தான் வரும், டீச்சர், 1.414 அல்ல. சுவர்களுக்கிடையே 200 மூலைவிட்ட நகர்வுகள் கொண்ட பாதையும் 282 நேர் நகர்வுகள் கொண்ட பாதையும் இருந்தால், உங்கள் கணக்கு 2800, 2820 என்று முதலாவதைத் தெரிவு செய்யும். உண்மையில் அதன் நீளம் 282.84, இரண்டாவதே குறுகியது.

நுவரெலியா ஆசிரியை:
அப்படியொரு வரைபடத்தைக் காட்டிவிட்டுப் பேசுங்கள். முன்பு வேறொரு விவாதத்திலும் இப்படித்தான் என் பதிலைக் குடைந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

பதுளை மாணவன்:
மூலைவிட்டமாக நகரும்போது பக்கத்திலுள்ள இரண்டு கட்டங்களும் அடைபட்டிருந்தால் நடுவிலுள்ள மூலையால் நுழைய விடுவீர்களா, சேர்?

கொட்டகலை நிரலாளர்:
விடமாட்டேன். தடிமனுள்ள எதுவும் அந்த மூலையால் நுழையாது. பேச்சை மாற்றாதீர்கள், 1.414க்குப் பதில் எங்கே?

பதுளை மாணவன்:
நுழைய விடாதது நீங்களாக வைத்த விதி. நீங்கள் விதி வைக்கலாம், நான் நகர்வை ஒன்று என்று வைக்கக்கூடாதா?

கொட்டகலை நிரலாளர்:
விதியை யாரும் வைக்கலாம். நீளத்தை யாரும் வைக்க முடியாது. 1.414.