மலிவு கிராஃப்ட் பெயின்டை ஏர்பிரஷ்ல அடிச்சா சொரசொரப்பா வருது, என்ன செய்யலாம்?

ரயில்பித்தன்:
வணக்கம், வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். 1954ல கொழும்புத் திட்டத்தில கனடா குடுத்த எம்2 ரயில் எஞ்சின் இருக்கெல்லோ, அதின்ர சின்ன மொடலை சன்போட்டிலயும் (பிளாஸ்டிக் நுரை அட்டை) காட்போட்டிலயும் வெட்டி ஒட்டிச் செய்யிறன், மூண்டு மாசமாச்சு. மொடல் பெயின்ட் விலை கட்டாது எண்டு புறக்கோட்டையில சின்னப் போத்தல் அக்ரிலிக் கிராஃப்ட் பெயின்ட்தான் வாங்கினன். தண்ணி கலந்து ஏர்பிரஷ்ல, அதுதான் காத்தால பெயின்ட் தெளிக்கிற பேனா மாதிரிக் கருவி, 0.2 மில்லிமீற்றர் நொசில் (பெயின்ட் வெளிய வாற முனைத் துளை) போட்டு அடிச்சா ரெண்டு நிமிஷத்தில அடைக்குது, பிறகு துப்புது, தடவிப் பாத்தா சாண்ட்பேப்பர் மாதிரி. மூண்டு மாச வேலை பழுதாப்போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு.

சாம்பல்பிரைமர்:
தம்பி, அந்தப் பெயின்டையே பாவிக்கலாம், நொசில்தான் காணாது. கிராஃப்ட் பெயின்டில நிறத்தூள் கொஞ்சம் பெருசு, 0.4 இல்லாட்டி 0.5 போடும். கலந்ததைப் பழைய ஸ்டொக்கிங் துணியால கட்டாயம் வடியும், நான் முதல்தரம் வடிக்கேக்க துணியில தோல் தோலா நிண்டுது, எல்லாம் போத்தல் வாயில காய்ஞ்சு உள்ள விழுந்த பெயின்ட். ஏர்பிரஷின்ர பெயின்ட் கப்பின்ர சுவரில வழிய விட்டா பால் மாதிரி மெல்லிசா இறங்கோணும், தயிர் மாதிரி ஒட்டி நிண்டா இன்னும் தடிப்பு. அதுக்காகத் தண்ணியையே ஊத்தாதையும், பெயின்டில இருக்கிற பசை பிரிஞ்சு பிறகு உரியும், பாதிக்குப் பாதிக்கு மேல வேணுமெண்டா தண்ணிக்குப் பதிலா அக்ரிலிக் மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பசை) விடும். சொரசொரப்பு வாறது பெயின்ட் காத்திலயே காய்ஞ்சு தூளா விழுறதால, அதால 8-10 சென்ரிமீற்றர் கிட்டப் பிடிச்சு 20-25 பிஎஸ்ஐ காத்தழுத்தத்தில மெல்லிசா நாலஞ்சு தரம் அடியும். கிளிசரின் ஒரு துளி விட்டா ஊசி நுனி கெதியா காயாது. ஒரு துளிதான், கூடினா பெயின்ட் காயவே காயாது.

தெஹிவளை அக்கா:
தம்பி, ஈரப்பதத்தையும் பாருங்கோ. மழை நாளில காத்து அடிக்கிற கொம்பிரசரின்ர ஹோஸுக்குள்ள தண்ணி சேர்ந்து பெயின்டோட துளியா வந்து விழும், எனக்கு ஒரு பஸ் மொடலின்ர கூரை முழுக்கப் புள்ளி புள்ளியாப் போச்சு, நான் இருந்து அழுதனான். அந்தத் தண்ணியைப் பிடிக்கிற மொய்ஸ்சர் ட்ராப் ஒண்டு போட்டாப்பிறகுதான் நிம்மதி. பிறகு, எங்கயாவது ரிஜிபோம் (பெட்டிக்குள்ள வாற வெள்ளை நுரை) பாவிச்சிருந்தா அதில ஸ்ப்ரே கேன் பிரைமர் (பெயின்டுக்கு முந்தி அடிக்கிற அடிப்பூச்சு) அடிச்சிடாதேங்கோ, கரைஞ்சிடும், தண்ணிப் பிரைமர் தூரிகையால பூசுங்கோ. தண்ணிப் பெயின்ட் எண்டாலும் மாஸ்க் போடுங்கோ, அந்தப் பெயின்ட் புகை நெஞ்சுக்குக் கூடாது.

ரயில்பித்தன்:
அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. 0.5 நொசில் வாங்கி, வடிச்சு, முதல்ல காலி யோகட் கப்பிலதான் அடிச்சுப் பாத்தன், அரை மணித்தியாலம் ஒருக்காலும் அடைக்கேல்ல, கப்பில இருந்த சின்ன எழுத்துப் புடைப்பு கூட மூடுப்படாமத் தெரியுது. ஞாயிறு வெயில் எறிச்சா எஞ்சினுக்குப் பிரைமர்.